விற்போர் விழிப்பு

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இணைய வழியே நடைபெறும் ஏலத்திலும் விற்பனையிலும் பொருளை விற்போர்க்கு நேரும் வஞ்சனைகளையும், அவற்றினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளையும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். இலக்கணம் பயிற்றும் ஒருவனுக்கு வாணிகத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வாணிகம் கடைத்தெருவோடு நின்ற காலத்தில் அவ்வெண்ணம் பொருந்தும். இப்பொழுதோ, கைபேசி உள்ள வீடெல்லாம் கடையாகிவிட்டது. பயன்படாமற் கிடக்கும் கட்டில், பிள்ளை படித்து முடித்த பின் எஞ்சிய மடிக்கணினி, பாட்டனார் சேர்த்து வைத்த பழைய நாணயம், அஞ்சல் தலை, பித்தளை விளக்கு ஆகிய இவற்றைக் கண்காணாத ஒருவர்க்கு விற்காத குடும்பம் நம்முள் அரிது. ஆதலின் இஃது இல்லந்தோறும் பேசத்தக்க பொருளேயாம்.

ஏலம் என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியினின்று வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். சொல் பிறமொழியதாயினும் செயலை நாம் நன்கறிவோம். கோயில் தோப்பின் காய்ப்பு, ஏரியின் மீன், அடகுக் கடையில் மூழ்கிய நகை ஆகியன ஏலத்திற்கு வருதலைக் கண்டிருக்கின்றோம். அங்கே பொருள் எல்லோர் கண்முன்னும் இருக்கும். கேட்பவரும் நேரில் நிற்பர். ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூறி முடித்தவுடன் பணம் கைம்மாறும். அதன் பின்னரே பொருள் கைம்மாறும். சுற்றி நிற்போர் அனைவரும் சாட்சிகள். பொருள், பணம், ஆள், சாட்சி என்னும் நான்கும் ஓரிடத்தில் ஒருங்கே இருந்தமையால், வஞ்சகன் நுழைய இடம் குறுகியிருந்தது.

1995-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் பியேர் ஒமிதியார் என்னும் கணினி வல்லுநர், இணையத்தில் ஓர் ஏலக்களத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. அங்கே முதலில் விற்றது, உடைந்துபோன லேசர் சுட்டுகோல் ஒன்று. விலை 14 டாலர் 83 சென்ட். உடைந்தது என்று தெரிந்தேதான் வாங்குகின்றீரா என்று ஒமிதியார் வினவ, தாம் உடைந்த சுட்டுகோல்களைச் சேர்ப்பவர் என்று வாங்கியவர் விடையளித்தனராம். விற்பவர் குறையை மறைக்கவில்லை, வாங்குபவர் ஐயுறவுமில்லை. நல்ல தொடக்கம்தான். ஆயினும், முன்னே கூறிய நான்கும் அன்றே நான்கு திசையிற் பிரிந்துவிட்டன. பொருள் ஓரூரில், ஆள் வேறூரில், பணம் வங்கியின் கணக்கில், சாட்சியோ எங்குமில்லை.

சாட்சியின் இடத்தை நிரப்புதற்கென்றே, 1996-இல் வாங்குவோரும் விற்போரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்துரைக்கும் பின்னூட்ட முறையை ஈபே ஏற்படுத்தியது. ஆனால் தம்மைக் குறைகூறிய வாங்குபவரை விற்பவர்கள் பதிலுக்குக் குறைகூறிப் பழிதீர்க்கின்றனர் என்னும் முறையீடு வளர்ந்தமையால், 2008 முதல், விற்பவர் வாங்குபவரைப் பற்றிப் பாதகமான கருத்து எழுதுதல் தடுக்கப்பட்டது. அதற்குத் தக்க காரணம் உண்டு. எனினும் ஒரு விளைவையும் நாம் மறத்தலாகாது. ஒருவர் பெற்ற பின்னூட்டத்தைக் கொண்டு, அவர் விற்பவராக நேர்மையானவரா என்று ஒருவாறு அறியலாம். வாங்குபவராக நேர்மையானவரா என்று அறிதல் அரிது.

அன்பர்களே! இணைய வஞ்சனை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, பணங்கொடுத்துப் பொருள் பெறாத வாங்குபவரே. விற்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்புகின்றவராயிற்றே, அவர்க்கு என்ன கேடு என்று கேட்பாருண்டு. அந்த எண்ணமே வஞ்சகனுக்கு வாயில். விற்பவர் இழப்பதற்குரிய காரணங்களை ஆராய்ந்து பார்ப்பின் அவை இரண்டே. பணம் வந்தது என்னும் செய்தியைப் பணமாகக் கருதுதல் ஒன்று. வந்த பணம் திரும்பிப் போகாது என்று நம்புதல் மற்றொன்று. இனிச் சொல்லப்போகும் வஞ்சனைகளுட் பெரும்பாலான இவ்விரண்டு கிளைகளில் தழைத்தவையே.

முதற் கிளையைப் பார்ப்போம். வாங்குபவன் ஒருவன் விலை பேசாமல் உடன்படுகின்றான். சிறிது நேரத்தில் விற்பவர்க்கு ஒரு மின்னஞ்சல் வருகின்றது. அது பேபால் என்னும் பணமாற்று நிறுவனத்தின் முத்திரையோடு இருக்கின்றது. “தொகை செலுத்தப்பட்டுவிட்டது, பொருளை அனுப்பி, கூரியர் கொடுக்கும் டிராக்கிங் எண்ணைத் தெரிவித்தவுடன் உமது கணக்கில் விடுவிக்கப்படும்” என்பது அதன் வாசகம். விற்பவர் அவ்வாறே அனுப்புகின்றார். பின்னர்க் கணக்கைத் திறந்து நோக்கினால் ஒன்றுமில்லை. அஞ்சலை எழுதியவன் வாங்குபவனே! நம் நாட்டில் இதே கூத்து வேறு வேடத்தில் நடைபெறுகின்றது. வங்கியிலிருந்து வந்ததுபோன்ற எஸ்.எம்.எஸ்., பணம் செலுத்தியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், பச்சை நிறத்தில் வெற்றிக் குறியைக் காட்டும் போலிச் செயலி ஆகிய அனைத்தும் செய்திகளே. நம் வங்கிக் கணக்கை நாமே திறந்து, இருப்புத் தொகை கூடியிருத்தலை நம் கண்ணாற் காண்பது ஒன்றே பணம்.

இரண்டாவது கிளை இதனினும் நுட்பமானது. இங்கே பணம் மெய்யாகவே வருகின்றது. பின்னர் மெய்யாகவே போய்விடுகின்றது. அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்து வரும் செக்கு மோசடியை எடுத்துக்கொள்வோம். 1,000 டாலர் பொருளுக்கு ஒருவன் 3,000 டாலர்க்கு வங்கிச் செக்கு அனுப்புகின்றான். மிகுதியைத் தன் சரக்கு ஏற்றுபவர்க்கு அனுப்பிவிடுமாறு வேண்டுகின்றான். அந்நாட்டில் 1987-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, இத்தகைய செக்குகளின் தொகையை வங்கி பெரும்பாலும் அடுத்த வேலைநாளிலேயே எடுக்க விடுதல் வேண்டும். ஆகவே கணக்கில் தொகை தோன்றுகின்றது. விற்பவர் 2,000 டாலரை அனுப்பிவிடுகின்றார். சில வாரங்கள் கழித்துச் செக்கு போலியென்று திரும்புகின்றது. வங்கி 3,000 டாலரையும் அவர் கணக்கினின்று கழித்துக்கொள்கின்றது. எடுக்க விட்டது வேறு, செக்கு மெய்யென்று உறுதியானது வேறு என்பதை அவர் அன்றுதான் அறிகின்றார்.

கிரெடிட் கார்டு வழியே வந்த பணத்திற்கும் இந்நிலை உண்டு. கார்டுக்கு உரியவர், “இதை யான் வாங்கவில்லை” என்றோ, “பொருள் வந்து சேரவில்லை” என்றோ தம் வங்கியில் முறையிடின், தொகை விற்பவரிடமிருந்து திரும்பப் பெறப்படும். இதனைச் சார்ஜ்பேக் என்பர். திங்கள் பல கழிந்த பின்னும் இது நேரக்கூடும். திருடிய கார்டினால் வாங்குபவன் பெரும்பாலும் ஒரு வேண்டுகோளை விடுப்பான்: “இந்த முகவரிக்கு அனுப்பாமல், என் தங்கையின் முகவரிக்கு அனுப்புக.” இரக்கத்தால் அதற்கு இணங்கியவர், ஈபேயும் பேபாலும் விற்போர்க்கு அளிக்கும் காப்பை இழந்துவிடுகின்றார். என்னை? விற்பனைப் பதிவிலுள்ள முகவரிக்கே பொருள் சென்று சேர்ந்தது என்னும் சான்று அக்காப்பிற்கு இன்றியமையாதது. ஈபேயில் 750 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொருளாயின், பெற்றவர் கையொப்பமும் வேண்டப்படுகின்றது.

இனி, ‘சொன்னபடி பொருள் இல்லை’ என்னும் முறையீடு. பொருள் சேர்ந்து 30 நாளுக்குள் வாங்குபவர் அவ்வாறு முறையிட ஈபே இடந்தருகின்றது. மெய்யாகவே குறையுள்ள பொருளைப் பெற்றவர்க்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் நல்ல கைபேசியைப் பெற்றுக்கொண்டு, தன்னிடமிருந்த பழுதான கைபேசியைத் திருப்பியனுப்புவானும் உண்டு. வெறும் பெட்டியை அனுப்புவானும் உண்டு. பெட்டி திரும்பியதற்குச் சான்று இருக்கின்றது. அதனுள் யாது இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. விற்பவர் திகைத்து நிற்கின்றார்.

ஏலம் நடக்கும்பொழுதே செய்யும் சூது ஒன்றுண்டு. 500 டாலர் பெறுமான பொருளுக்கு ஒருவன் 50 கேட்கின்றான். அவன் கூட்டாளி உடனே 2,000 கேட்கின்றான். இதனைக் கண்ட பிறர் ஒதுங்கிவிடுகின்றனர். ஏலம் முடியுந் தறுவாயில் கூட்டாளி தன் கேள்வியைத் திரும்பப் பெற, பொருள் 50-க்கே முதல்வனைச் சேர்கின்றது. இதனைத் தடுக்கவே, முடிவுக்கு முந்திய 12 மணி நேரத்தில், கேட்டு 1 மணி நேரத்திற்கு மேற்பட்ட கேள்வியைத் திரும்பப் பெறலாகாது என்று ஈபே விதித்துள்ளது. நாம் செய்யத்தக்க காவல் இன்னும் எளிது. எவ்விலைக்குக் குறைந்து விற்க மனமில்லையோ, அவ்விலையையே தொடக்க விலையாக வைத்துவிட வேண்டும்.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். பாஸீ என்னும் ஏலத் தளத்தை 2004-இல் ஈபே வாங்கி, இந்தியாவில் நெடுநாள் நடத்தியது. அத்தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதன் பைசாபே முறையில், வாங்குபவர் கொடுத்த பணம் இடையே நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னரே விற்பவரைச் சேர்ந்தது. இன்று வீட்டுப் பொருள்களை நாம் விற்பது பெரும்பாலும் விளம்பரத் தளங்களின் வழியேதான். அங்கே விளம்பரத்தை மட்டுமே தளம் ஏற்கின்றது. பேச்சும் பணமும் நமக்கும் வாங்குபவர்க்கும் நேரே நடைபெறுகின்றன. பணம் செல்லும் வழியோ 2016-இல் தொடங்கிய யுபிஐ. அது மிக நல்ல ஏற்பாடு. கண்ணிமைக்கும் பொழுதில் பணத்தைச் சேர்ப்பது. அக்கடுமையான வேகமே ஏமாந்தவர்க்குப் பகையுமாகின்றது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகின்றேன். கணவரை இழந்த ஓர் அம்மையார், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார். குறைந்த தொகையை ஈடுசெய்யத் தம் தையல் இயந்திரத்தை 8,500 ரூபாய்க்கு விற்பதாக ஒரு தளத்தில் விளம்பரம் செய்தார். அரை மணிக்குள் ஒருவன் அழைத்தான். தான் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், மாற்றலாகிச் செல்வதாகவும், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் கூறினான். சீருடையுடன் கூடிய அடையாள அட்டையின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். விலையில் ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்லவில்லை. முதலில் 10 ரூபாயை அனுப்பி, “வந்ததா அம்மா?” என்று கேட்டான். வந்திருந்தது. பின்னர் ஒரு கியூஆர் கோடு படத்தை அனுப்பி, “இதனை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணை இட்டால் முழுத்தொகையும் வந்துவிடும்” என்றான். அம்மையார் அவ்வாறே செய்தார். 8,500 ரூபாய் போயிற்று. “தவறிவிட்டது, மறுமுறை செய்தால் இரண்டும் சேர்ந்து வரும்” என்றான். மீண்டும் 8,500 போயிற்று. “உங்களுக்குத் தரவேண்டியது இப்பொழுது 17,000, அதற்கு வேறு கோடு அனுப்புகின்றேன்” என்றான். அதுவும் போயிற்று. ஆக 34,000 ரூபாய். தையல் இயந்திரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதன்பின் நடந்ததே என் உள்ளத்தை வருத்துவது. அவ்வம்மையார் அதனை ஒருவரிடமும் சொல்லவில்லை. கைவளையை அடகு வைத்துக் கட்டணத்தின் ஒரு பகுதியைச் செலுத்தினார். 11 நாள் கழித்து மகளே கைபேசியிற் கண்டு கேட்டபொழுது அழுதார். அன்று உறவினரிடமிருந்து எழுந்த முதற் சொல், “உனக்கு எதற்கு இந்த வேலை?” என்பது. காவல் துறையில் முறையிட்டபொழுது, பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி எடுக்கப்பட்டுவிட்டது என்பதே விடையாக வந்தது. அவர் பணத்தை இழந்தது கால்மணி நேரத்தில்; அதனை மீட்கும் வாய்ப்பை இழந்தது அந்த 11 நாளில். அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு, பின்னர் அவர் கேட்ட அந்த முதற்சொல்லே விடை. அச்சொல் வருமென்று அவர் முன்னமே அறிந்திருந்தார்.

பெரியோர்களே! ஏமாறுதல் அறிவின்மை என்று நாம் எளிதாகக் கூறிவிடுகின்றோம். சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். அக்காப்பியத்தின் திருப்பமே ஒரு பொருளை விற்கப் போனவன் வஞ்சிக்கப்பட்டதுதான். பெருவணிகர் குடியிற் பிறந்த கோவலன் வாணிகம் அறியாதவனல்லன். புதிய ஊரில், கையில் பொருளின்றி, ஒற்றைச் சிலம்பை விற்கச் சென்றான். சட்டையணிந்து, நூறு தொழிலாளர் பின்தொடர, அரசவைத் தொடர்புடையவனாய் வந்த பொற்கொல்லன் ஒருவனைத் தோற்றங்கண்டு நம்பினான். ‘இங்கே இரும், அரசர்க்கு அறிவித்து வருகின்றேன்’ என்றவனை நம்பிக் காத்திருந்தான். வஞ்சகம் அவ்வொருவனுடையது, எத்தொழிலார்க்கும் எக்குடியார்க்கும் உரியதன்று. இன்றைய இராணுவ அட்டைப் படமும் அன்றைய பரிவாரமும் ஒரே வேலையைச் செய்கின்றன. தேவை நெருக்க, தனியே நிற்பவர் எவரும், உயர்ந்த தோற்றமுடைய ஒருவனை நம்பிவிடுதல் மக்கள் இயல்பு.

அக்கதையில் விற்போர் கற்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. கண்ணகியின் சிலம்பினுள் இருந்தது மாணிக்கம். அரசியின் சிலம்பினுள் இருந்தது முத்து. உண்மையை நிறுவும் சான்று அப்பொருளின் உள்ளேயே இருந்தது. ஆனால் கோவலன் விற்கப் புறப்பட்டபொழுது அதனை அறிந்தார் மதுரையில் ஒருவருமிலர். சான்று வெளிப்பட்டபொழுது காலம் கடந்துவிட்டது. எனவே யான் கூற விரும்பும் முடிந்த கருத்து இது: விற்பவர்க்குச் சான்றே காவல், அச்சான்று பொருள் கையைவிட்டுப் போகுமுன் அமைந்திருத்தல் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறும் பண்டத்திற்கும் இறங்கும் பண்டத்திற்கும் சோழரின் புலி முத்திரை இட்டனர் என்பதைப் பட்டினப்பாலையால் அறிகின்றோம். அம்முத்திரையை இன்று நாம்தாம் இட வேண்டும்.

அதனைச் செய்யும் முறையைச் சொல்லுகின்றேன். தாய்மார்களும் இளைஞர்களும் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, விளம்பரம் செய்யுமுன் பொருளை நாற்புறமும் படம் எடுங்கள். அதன் வரிசை எண் தெரியுமாறு ஒரு படம், அதன் குறை தெரியுமாறு ஒரு படம் எடுங்கள். குறையை நாமே விளம்பரத்தில் எழுதிவிடின், ‘சொன்னபடி இல்லை’ என்று பின்னர்க் கூறுதற்கு இடமில்லை. கைபேசியாயின் அதன் ஐஎம்இஐ எண்ணை ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பொருளைப் பெட்டியிலிட்டு ஒட்டி முகவரி எழுதுவதை இடைவிடாமல் ஒரே வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். திரும்பிவரும் பெட்டியைத் திறக்கும்பொழுதும் அவ்வாறே செய்யுங்கள். விற்பனைப் பதிவிலுள்ள முகவரியன்றி வேறு முகவரிக்கு அனுப்பாதீர்கள். முகவரி மாற வேண்டுமாயின், அவ்விற்பனையை நீக்கிவிட்டுப் புதிதாக வாங்குமாறு கூறிவிடுங்கள்.

மூன்றாவது, தளத்தினுள் தொடங்கிய பேச்சைத் தளத்தினுள்ளேயே முடியுங்கள். வெளியே வாருங்கள், தரகுப் பணம் மிஞ்சும் என்று அழைப்பவன், உங்களைக் காவலுக்கு வெளியே அழைக்கின்றான். தளத்தில் எழுதிய சொல் வழக்கில் சான்றாகும். தொலைபேசியிற் பேசிய சொல் காற்றோடு போகும்.

நான்காவது, இதனை வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதியோர்க்கும் பாடம் போல் ஓதுவியுங்கள்: பணம் பெறுதற்குப் பின் எண் வேண்டியதில்லை, ஸ்கேன் செய்தலும் வேண்டியதில்லை. பின் எண் இடுதல் பணம் கொடுத்தற்கு மட்டுமே. தனியொருவர் நம்மிடம் தொகை கேட்டு அனுப்பும் யுபிஐ வேண்டுகோளை வஞ்சகர் மிகுதியாகப் பயன்படுத்தியமையால், 2025 அக்டோபர் 1 முதல் அம்முறையே நிறுத்தப்பட்டது. ஆயினும் கியூஆர் கோடு இருக்கின்றது. அதனைக் காட்டி ஏமாற்றுவானும் இருக்கின்றான்.

ஐந்தாவது, உள்ளூர் விற்பனையாயின் பகற்பொழுதில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பொருளைக் கொடுங்கள். விலையுயர்ந்ததாயின் உங்கள் வங்கிக் கிளையிலேயே சந்தித்தல் நன்று. வாங்குபவரின் பெயர், முகவரி, தொகை, நாள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்ட ரசீது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. வஞ்சகன் பிறரிடம் பறித்த பணத்தைக் கொண்டு நம்மிடம் பொருள் வாங்கினால், விசாரணையின்போது நம் கணக்கு முடக்கப்படுதல் கூடும். அப்பொழுது நாம் நேர்மையாக விற்றோம் என்பதற்கு அந்த ரசீதே துணை.

ஆறாவது, தவறுதலாக மிகுதியான தொகை அனுப்பிவிட்டேன், திருப்பித் தாருங்கள் என்று எவரேனும் வேண்டினால், நீங்களே அனுப்பாதீர்கள். வங்கிக்குத் தெரிவித்து, வங்கியின் வழியே திரும்புமாறு செய்யுங்கள். அவசரப்படுத்துபவனுக்கு நாம் அளிக்கத்தக்க விடை தாமதம் ஒன்றே. நேர்மையாக வாங்குபவர் ஒரு நாள் பொறுப்பர்.

இவ்வளவு காவலையும் மீறி இழப்பு நேர்ந்துவிடின், உடனே 1930 என்னும் தொலைபேசி எண்ணை அழையுங்கள். இஃது இணையப் பண மோசடிகளை அறிவித்தற்கென இந்திய அரசு ஏற்படுத்தியிருக்கும் எண். தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் சென்ற நாள், நேரம், தொகை, பணமாற்றக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். முறையீடு சென்றவுடன், அப்பணம் எவ்வங்கிக் கணக்கில் இன்னும் தங்கியிருக்கின்றதோ அங்கே அதனை நிறுத்தி வைக்க முயல்வர். முதல் ஒரு மணி நேரத்தில் அதற்கு வாய்ப்பு மிகுதி. நாள் கழியக் கழிய வாய்ப்புத் தேயும். வங்கிக்கும் அப்பொழுதே அறிவித்துவிட வேண்டும். வஞ்சகனின் செய்திகளைச் சினத்தினாலோ நாணத்தினாலோ அழித்துவிடாதீர்கள், அவையே சான்று. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கும் உரிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும் ஏமாற்றுதலைத் தண்டிக்கின்றது. ஆகவே ஏமாந்தவர் குற்றவாளியல்லர், முறையிடும் உரிமையுடையவர்.

பிறர் வஞ்சனையைப் பேசிய நாம், நம் வழியையும் நேராக்கிக்கொள்ள வேண்டும். விலையை ஏற்றுதற்குத் தன் பொருளைத் தானே, அல்லது தன் நண்பரைக் கொண்டு ஏலம் கேட்டல் சிறு தந்திரமென்று சிலர் கருதுகின்றனர். 2000-ஆம் ஆண்டில் ஈபேயில் ஓர் ஓவியம் 135,805 டாலர் வரை ஏறியது. ரிச்சர்டு டீபன்கார்ன் என்னும் புகழ்பெற்ற ஓவியர் வரைந்ததென்று கருதி மக்கள் கேட்டனர். விற்றவரே தம் பொருளைக் கேட்டிருந்தார் என்பது தெரிந்து ஈபே அவ்விற்பனையை நீக்கியது. விற்றவரும் கூட்டாளிகளும் 2001-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டனர். வாணிகத்தின் அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்துக் கூறினார். குறையை மறைத்து விற்றவனுக்கு, வாங்குபவன் வஞ்சித்தான் என்று முறையிட முகமேது?

இறுதியாக, சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்து இளைஞர்களுள் இவற்றை அறிந்தார் பலர் உளர். அவர்களுள் இருவர், ஞாயிறுதோறும் மாலையில் இவ்வலுவலகத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கட்டும். பொருளை விற்க விரும்பும் முதியோரும் தாய்மாரும் வந்து, விளம்பரத்தையும் வாங்குபவன் அனுப்பிய செய்தியையும் காட்டிக் கேட்கட்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பண்டை ஏலத்தில் சுற்றி நின்றோர் எவ்வாறு சாட்சியாயினரோ, அவ்வாறே சங்கம் விற்பவர்க்கு அருகில் நிற்கும்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவியோ, தாயோ, மகனோ ஏமாந்து வந்து நிற்கும்பொழுது, காரணம் கேட்பதையும் கடிந்துரைப்பதையும் நாளைக்கு ஒத்திவையுங்கள். “எந்நேரம் போயிற்று, எவ்வளவு போயிற்று?” என்று கேட்டு 1930-ஐ அழையுங்கள். நடந்ததை அஞ்சாமல் வந்து சொல்லலாம் என்னும் நம்பிக்கை வீட்டில் இருக்குமாயின், போன பணத்தில் ஒரு பகுதியாவது மீள வழியுண்டு.